வாசலில் கால்மணி நேரம்: தினக்கோலம் பழக நினைப்பவருக்கு

கேள்வி இது: "மனசுக்கு நிறைவாக, தினமும் கையால் ஏதாவது ஒன்று செய்ய வேண்டும். அதிகம் செலவு கூடாது. வேலைக்குப் போகிறவள் என்பதால் காலையில் கால்மணிக்கு மேல் ஒதுக்க முடியாது. கோலம் பழகலாமா? முயன்று பார்த்தேன். இழை தடிக்கிறது, விட்டு விட்டு வருகிறது. புள்ளி கோணிப் போகிறது. சிக்குக்கோலம் பாதியிலேயே தடம் மாறிவிடுகிறது. தவிர, நான் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு."

தாராளமாகப் பழகலாம். நீங்கள் சொன்ன தேவைகளுக்குக் கோலத்தைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தோன்றவில்லை. கையளவு மாவு, ஈரமாக ஒரு தரை, கால்மணி நேரம், அவ்வளவுதான். போட்டது மதியத்துக்குள் காலடியிலும் காற்றிலும் கலைந்துவிடும். அதைப் பத்திரப்படுத்த வேண்டாம், விற்க வேண்டாம், நேற்றையதோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. நாளைக்கு வெறும் தரைதான். ஒரு கலையைக் கற்கும்போது வரும் பதற்றத்தில் பாதி இதனாலேயே போய்விடும்.

பலர் பழகாமல் விட்டுவிடுவதற்கு முதல் காரணம் அளவு. மார்கழி மாதத்தில் தெருவை அடைத்துப் போட்ட, நடு வரிசையிலேயே 21 புள்ளி வரும் கோலத்தின் படத்தைப் பார்த்து அதிலேயே தொடங்குகிறார்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும், இடுப்பு பிடித்துக்கொள்ளும், கோலமும் கோணும். மறுநாள் வாசல் பக்கம் போகவே மனம் வராது. முதல் ஒரு மாதத்துக்கு, மொத்தமே 5 புள்ளி, 12 புள்ளி உள்ள கோலங்களைத் தாண்டவே தாண்டாதீர்கள். தினமும் சிறியதாகப் போடுபவரின் கைதான் படியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெரியதாகப் போடுபவருக்கு ஒவ்வொரு வாரமும் முதல் நாள்தான்.

இனி மாவு. கடையில் கோலப்பொடி என்று கிடைப்பது பெரும்பாலும் வெள்ளைக் கல்லைப் பொடித்தது. நன்றாக விழும், பளிச்சென்று தெரியும். ஆனால் அதை எறும்பு தின்னாது, குருவி கொத்தாது. பச்சரிசி மாவு தின்னும் பண்டம், வாசலுக்கு அதுதான் பழைய வழக்கம். அரிசி மாவில் போட விரும்பினால் இடியாப்ப மாவு போல நைசாக இருப்பதை எடுக்காதீர்கள். அது விரலில் ஒட்டிக்கொண்டு திட்டுத்திட்டாக விழும். விரலிடுக்கில் தேய்த்தால் நறநறவென்று இருக்க வேண்டும், ரவையைவிட ஒரு படி நைசு, அதுதான் பதம். புதிதாகப் பழகுபவருக்கு மூன்று பங்கு கோலப்பொடி, ஒரு பங்கு அரிசி மாவு என்று கலந்துகொள்வது வசதி. மழைக்காலத்தில் மாவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அப்போதுதான் இழை அறுந்து அறுந்து வரும். அதற்குக் கையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரு நாள் வெயிலில் தாளில் பரப்பிக் காயவைத்து, சலித்து, மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். கல்மாவைச் சலிக்கும்போது மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. கலர்ப்பொடி இப்போதைக்கு வேண்டாம். வண்ணம் நிரப்பினால் இழையின் குறை மறைந்துவிடும், குறை மறைந்தால் கை திருந்தாது.

தரையும் மாவு போலவே முக்கியம். மண் வாசலில் பெருக்கி, சாணம் கரைத்துத் தெளித்து, தண்ணீரை மண் உறிஞ்சிக்கொள்ளும்வரை பொறுத்திருப்பார்கள். சிமெண்ட் தரைக்கும் அதே கணக்குத்தான். தண்ணீர் பளபளவென்று நிற்கும்போது மாவைப் போட்டால் அது ஊறிக் கூழாகி இழை பரந்துவிடும். முழுக்கக் காய்ந்த பிறகு போட்டால் முதல் காற்றிலேயே பறக்கும். தரை கறுத்து, பளபளப்பு மட்டும் அடங்கியிருக்கும் நேரம் ஒன்று உண்டு, சிமெண்டில் தெளித்துச் சில நிமிடங்களில் வரும். அதுதான் சரியான நேரம். புள்ளியும் இழையும் தரையைப் பிடித்துக்கொள்ளும்.

இழை ஏன் தடிக்கிறது என்பதற்கு வருவோம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்த்து ஒரு சிட்டிகை எடுங்கள். உள்ளங்கைக்குள் மாவு போகக் கூடாது. மாவை விடுவது கட்டைவிரலின் வேலை. அது ஆள்காட்டி விரலின் முதல் கணுவிலிருந்து நுனியை நோக்கி மெல்ல உருண்டுகொண்டே இருக்க வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் விரல்களை அகலத் திறந்து மாவைக் கொட்டுகிறார்கள், அதுதான் தடிமனுக்குக் காரணம். இரண்டாவது காரணம் உயரம். விரல் நுனி தரையிலிருந்து ஓர் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். நான்கு அங்குலம் மேலே இருந்தால் விழும் மாவு சிதறி, இழையின் இரு ஓரமும் புகை போலத் தெரியும். மூன்றாவது வேகம். கை தயங்கும் இடத்தில் மாவு குவியும், ஓடும் இடத்தில் மெலியும். எனவே அடுத்து எங்கே போவது என்று தெரிந்த பிறகே கையை நகர்த்துங்கள். யோசிக்க வேண்டுமென்றால் விரலை இறுக மூடிக் கையைத் தூக்கிவிடுங்கள்.

முதல் சில நாட்கள் கோலமே வேண்டாம், வெறும் நேர்க்கோடு போடுங்கள். தரையின் டைல்ஸ் ஓரத்தையோ சிமெண்டில் விட்ட கோட்டையோ ஒட்டி ஓரடி நீளத்துக்கு ஒரே சிட்டிகையில் இழுத்துப் பாருங்கள். அடுத்தது வட்டம், அதற்கடுத்து எட்டு என்ற எண்ணின் வடிவம். மணிக்கட்டைச் சுழற்றாமல் முழங்கையும் தோளும் சேர்ந்து நகர்ந்தால் வளைவு உருண்டையாக வரும். மணிக்கட்டை மட்டும் திருப்பினால் வளைவின் கடைசிப் பகுதி கூராகிவிடும். கைக்கு எட்டாத பக்கத்துக்கு எட்டி வளையாமல் எழுந்து மறுபக்கம் வந்து போடுங்கள்.

மாவு தீர்ந்து புதிய சிட்டிகை எடுக்கும் இடத்தில் ஒரு முடிச்சு போலத் தடித்துத் தெரிவது எல்லாருக்கும் வரும் தொல்லை. வளைவின் நடுவில் நிறுத்தாமல் இரண்டு இழை வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிறுத்துங்கள். பழைய இழை முடிந்த இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே இருந்து புதியதைத் தொடங்குங்கள். ஒட்டு அந்த வெட்டுக்குள் மறைந்துவிடும். தேர்ந்த கைகளைக் கூர்ந்து பாருங்கள், எங்கே நிறுத்துவது என்பதில்தான் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

புள்ளி கோணுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே, இடப்பக்க ஓரத்தில் தொடங்கி வலப்பக்கம் வரை வைத்துக்கொண்டே போவது. ஒவ்வொரு இடைவெளியிலும் விழும் சிறு பிசகு கூடிக்கொண்டே போய்க் கடைசிப் புள்ளியில் தெரியும். நடுவிலிருந்து தொடங்குங்கள். முதலில் நடுப்புள்ளி, பிறகு அதற்கு இடம் ஒன்று வலம் ஒன்று என மாறிமாறி வைத்து நடு வரிசையை முடியுங்கள். அடுத்து அதற்கு மேல் வரிசை, பிறகு கீழ் வரிசை. பிசகு இரு பக்கமும் பாதி பாதியாகப் பிரிந்துவிடும், கண்ணுக்குப் படாது. இடைவெளிக்கு உங்கள் விரலே அளவு. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து வைத்தால் வரும் அகலம் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம், சிக்குக்கோலம் பழக அது போதும். இதைவிட நெருக்கினால் வளைக்க இடம் இருக்காது. புள்ளி வைத்து முடித்ததும் எழுந்து இரண்டடி பின்னால் நின்று ஒருமுறை பாருங்கள். குனிந்திருக்கும்போது தெரியாத கோணல் அப்போது தெரியும்.

கோல நோட்டில் எழுதியிருப்பதைப் படிக்கவும் தெரிய வேண்டும். நேர்ப்புள்ளி என்றால் புள்ளிக்கு நேர் கீழே புள்ளி. ஊடுபுள்ளி அல்லது இடைப்புள்ளி என்றால் இரண்டு புள்ளிக்கு இடையில் அடுத்த வரிசைப் புள்ளி. "7 புள்ளி, ஊடுபுள்ளி 4 வரை" என்று இருந்தால் நடு வரிசையில் 7, அதற்கு மேலும் கீழும் 6, 5, 4 என்று வைக்க வேண்டும், மொத்தம் 37 புள்ளி. "7 புள்ளி, நேர்ப்புள்ளி 1 வரை" என்றால் 7, இரு பக்கமும் 5, 3, 1. மொத்தம் 25. தொடங்கும் முன் மொத்தத்தை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டால் பாதிக் கோலத்தில் ஒரு புள்ளி குறைகிறதே என்று தவிக்க வேண்டாம்.

சிக்குக்கோலத்துக்குச் சில ஊர்களில் நெளிக்கோலம், கம்பிக்கோலம் என்றும் பெயர். முதலில் போட வேண்டியது 5 புள்ளி. நடுவில் ஒன்று, மேல், கீழ், இடம், வலம் ஒவ்வொன்று. மேல் புள்ளிக்கும் நடுப்புள்ளிக்கும் சரிபாதியில் தொடங்கி, நடுப்புள்ளியின் வலத்தோளை ஒட்டிச் சரிந்து இறங்குங்கள். நடுப்புள்ளிக்கும் வலப்புள்ளிக்கும் சரிபாதியைக் கடந்து, வலப்புள்ளியின் அடிப்பக்கமாகப் போய், வெளிப்புறம் சுற்றி, மேற்பக்கமாக வந்து, முன்பு கடந்த அதே இடத்தில் பழைய இழையைக் குறுக்கே வெட்டி உள்ளே வாருங்கள். இப்போது இழை தானாகவே நடுப்புள்ளிக்கும் கீழ்ப்புள்ளிக்கும் உள்ள பாதியைப் பார்த்து இறங்கும். அங்கே கடந்து கீழ்ப்புள்ளியின் இடப்பக்கமாகப் போய்ச் சுற்றி வலப்பக்கமாக ஏறுங்கள். பிறகு இடப்புள்ளியை மேற்பக்கமாகப் போய்ச் சுற்றுங்கள், கடைசியாக மேல் புள்ளியை வலப்பக்கமாகப் போய்ச் சுற்றுங்கள். தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். ஒரே இழை, நான்கு வெட்டு, ஓரப்புள்ளிகளைச் சுற்றித் திரும்பும் நான்கு மடிப்பு. நடுப்புள்ளி நான்கு பக்கமும் அடைபட்டு உள்ளே நிற்கும்.

இந்த ஒரு கோலத்துக்குள் சிக்குக்கோலத்தின் சட்டம் முழுவதும் இருக்கிறது. இழை புள்ளியைத் தொடக் கூடாது. எந்தப் புள்ளியும் அடைபடாமல் விடுபடக் கூடாது. போன தடத்தின் மேலேயே திரும்பப் போகக் கூடாது. வெட்டுவது எப்போதும் இரண்டு புள்ளிக்குச் சரிபாதியில். வெட்டிய பின் போன திசையிலேயே நேராகப் போக வேண்டும், அங்கே திரும்பக் கூடாது. நீங்கள் பாதியில் தடம் மாறுவது இந்தக் கடைசி இடத்தில்தான். வெட்டும் இடத்தில் கை தயங்கி, நேராகப் போக வேண்டிய இழை பக்கத்து வளைவுக்குள் தாவிவிடுகிறது. அடுத்த புள்ளியைத் தேடாமல் அடுத்த இடைவெளியைத் தேடி நகர்ந்தால் இது நடக்காது.

இன்னொரு குழப்பமும் புதியவர்களுக்கு வரும். இழை தொடங்கிய இடத்துக்கு வந்து முடிந்துவிட்டது, ஆனால் சில புள்ளிகள் அடைபடாமல் மீதம் நிற்கின்றன. தவறு செய்துவிட்டோம் என்று அழித்துவிடுவார்கள். பல சமயம் அது தவறே இல்லை, அந்தக் கோலத்துக்கு இரண்டோ மூன்றோ இழை தேவை, அவ்வளவுதான். செவ்வகமாக நேர்ப்புள்ளி வைத்து, எல்லா இடைவெளியிலும் வெட்டிக்கொண்டு போனால் எத்தனை இழை வரும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. வரிசை எண்ணிக்கை, ஒரு வரிசையில் உள்ள புள்ளி எண்ணிக்கை இரண்டுக்கும் மீப்பெரு பொது வகுத்தி, அதாவது இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப்பெரிய எண், எதுவோ அத்தனை இழை. 3 வரிசை 4 புள்ளி என்றால் ஒரே இழை. 3க்கு 3 என்றால் மூன்று இழை. 4க்கு 6 என்றால் இரண்டு. 4க்கு 5 மறுபடியும் ஒன்று. அங்கோலா நாட்டின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து வரையும் சோனா சித்திரங்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும். இரண்டு தனித்தனி மண், கையில் ஒரே தருக்கம். சாய்சதுரமாக வைத்தால் கணக்கு வேறு. 1, 3, 5, 3, 1 என்று 13 புள்ளி வைத்து எல்லா இடத்திலும் வெட்டினால் மூன்று இழை வரும். நான்கு முனைகளையும் சுற்றும் வெளி இழை ஒன்று, உள்ளே குறுக்கும் மறுக்குமாக இரண்டு.

இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் உங்கள் சொந்தக் கோலத்தை உண்டாக்கும் வழி இங்கேதான் திறக்கிறது, நீங்கள் தேடும் படைப்பு மகிழ்ச்சியும் என் பார்வையில் இங்கேதான் இருக்கிறது. இரண்டு வேறு வேறு இழைகள் வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே வெட்டாமல், இரண்டையும் முதுகோடு முதுகு வைத்தது போல வளைத்துப் பிரித்துவிடுங்கள். அந்த இரண்டு இழையும் சேர்ந்து ஒரே இழையாகிவிடும், இது தவறாது. 3க்கு 3 கோலத்தில் இப்படி இரண்டு வெட்டுகளைச் சரியாகப் பிரித்தால் மூன்று இழையும் ஒன்றாகும். ஒரே இழை தன்னைத் தானே வெட்டும் இடத்தில் பிரித்தால் மட்டும் அது இரண்டாக உடையக்கூடும். எந்த வெட்டைப் பிரிப்பது என்பதைப் பொறுத்துக் கோலத்தின் முகமே மாறும். 9 புள்ளியை வைத்துக்கொண்டே வாரக்கணக்கில் தினம் ஒரு புதுக்கோலம் போடலாம். முதலில் நோட்டில் பேனாவால் போட்டுப் பார்த்து மறுநாள் காலையில் தரைக்குக் கொண்டுவாருங்கள். பேனா தடத்தைக் கற்றுத்தரும், கட்டைவிரலுக்குப் பழக்கம் தரையில்தான் வரும், இரண்டும் வேண்டும். தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் கோலங்களைக் கணினி இலக்கணமாக, அதாவது படிப்படியான விதிகளாக, எழுதிக் காட்டி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் பெண்கள் போட்டுவந்த கோலத்துக்குள் அவ்வளவு ஒழுங்கான கணக்கு இருந்தது. இதை அறிந்தபின் 5 புள்ளிக் கோலத்தைக்கூட அலட்சியமாகப் போட மனம் வராது.

பிசகினால் திருத்தலாம். முழுவதையும் அழிக்க வேண்டாம். ஈரத்துணியைத் தொடவே கூடாது, அது வெள்ளையாகத் தீற்றிவிடும். உலர்ந்த துணியின் நுனியை விரலில் சுற்றி, தவறான துண்டை மட்டும் ஒரே திசையில் ஒற்றி எடுத்துவிட்டு, கடைசியாகச் சரியாக இருந்த வெட்டிலிருந்து தொடருங்கள். இன்னொரு பொதுவான குறை, ஓரத்து மடிப்புகள் புள்ளியை இறுக்கிப் பிடிப்பதும் நடுவில் உள்ளவை உப்பி நிற்பதும். ஓர வளைவும் புள்ளியிலிருந்து பாதி இடைவெளி தள்ளியே திரும்ப வேண்டும். இதை மட்டும் கவனித்தாலே கோலம் பாதி அழகாகிவிடும்.

அடுக்குமாடி உங்களுக்குத் தடையில்லை. கதவுக்கு வெளியே ஒன்றரை அடிச் சதுரம் இருந்தால் 7 புள்ளிக் கோலம் வரை அடங்கும். சிக்கல் அந்த வழவழப்பான டைல்ஸ்தான், மாவு வழுக்கும். மெருகு போடாத கடப்பாக்கல் துண்டு ஒன்று, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, கல் கடையில் வெட்டித் தருவார்கள். அதை வாசலில் போட்டுக்கொள்ளுங்கள். கறுப்புத் தரையில் வெள்ளை இழை எடுப்பாகத் தெரியும், சொரசொரப்பு மாவைப் பிடித்துக்கொள்ளும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் அடுத்த நிமிடமே தயார். மறுநாள் கல்லோடு எடுத்துக் கழுவிவிடலாம், நடைபாதை அழுக்காகிறது என்று யாரும் குறை சொல்ல வழியில்லை. ஓட்டை போட்ட அச்சுத் தட்டும் கோலக்குழலும் கடையில் கிடைக்கும். அவசரத்துக்கு உதவும், ஆனால் பழகும் நோக்கத்தோடு இருப்பவர் அவற்றை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

கை படிந்த பிறகு வெள்ளிக்கிழமையோ பண்டிகையோ வரும்போது மாக்கோலம் போட்டுப் பாருங்கள். அரைக் கப் பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, விரலில் கப்பி தட்டாத அளவுக்கு அரையுங்கள். கப்பி இருந்தால் துணியில் அடைத்துக்கொண்டு இழை நிற்கும். பாலைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, உள்ளங்கையளவு வெள்ளை வேட்டித் துணியை அதில் முக்கிக் கைக்குள் பிடித்து, மெல்லப் பிழிய, மாவு மோதிர விரல் வழியாக இறங்கும். அந்த விரல் நுனிதான் எழுதுகோல். போடும்போது மங்கலாகத்தான் தெரியும், காய்ந்த பிறகே வெளுக்கும். தெரியவில்லையே என்று மேலே மேலே பூசினால் காய்ந்ததும் வெடித்து உதிரும். சுற்றிலும் காவி தீட்டுவதென்றால் காவியைத் தண்ணீரில் குழைத்து, வெள்ளை நன்றாகக் காய்ந்த பிறகு ஓரமாக இழுங்கள். முன்பே இழுத்தால் இரண்டும் கலந்து ரோஸ் நிறமாகிவிடும். மிச்ச மாவை மறுநாளுக்கு வைக்காதீர்கள், புளித்து நாறும், செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

இடுப்புக்கு ஒரு வார்த்தை. நின்றபடி குனிந்து போடும் வழக்கத்தில் கால்களைத் தோளகலத்துக்கு விரித்து, முழங்காலை லேசாகத் தளர்த்தி, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து மடியுங்கள். ஏற்கெனவே முதுகுவலி உள்ளவர் மணைப்பலகையோ சிறிய முக்காலியோ போட்டு உட்கார்ந்தே போடலாம், அதில் எந்தக் குறைவும் இல்லை. துக்க வீட்டில் கோலம் போடுவதில்லை, திவசத்தன்றும் பல வீடுகளில் போடுவதில்லை. உங்கள் வீட்டு வழக்கத்தைப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர் கையைப் பார்த்துக் கற்க ஆசை இருந்தால், சென்னையில் இருப்பவர் ஜனவரி மாதம் மயிலாப்பூர் விழாவை ஒட்டி வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப்போட்டிக்குப் போகலாம். அங்கே முடிந்த கோலத்தைப் படம் எடுப்பதைவிட, போட்டி தொடங்கும் முன்பே போய் நின்று யார் எந்தப் புள்ளியிலிருந்து தொடங்குகிறார்கள், எந்த வெட்டில் மாவு எடுக்க நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள்.